இந்திய-இலங்கை மின்னிணைப்புத் திட்டம்

இந்திய-இலங்கை மின்னிணைப்புத் திட்டம் என்பது தென்னிந்தியாவின் மின்தொகுப்பையும் இலங்கையின் மின்தொகுப்பையும் பாக்கு நீரிணைப் பகுதியின் ஊடாக இணைப்பதற்கென முன்மொழியப்பட்டுள்ள திட்டம் ஆகும். தமிழ்நாட்டின் மதுரையையும் இலங்கையின் அனுராதபுரத்தையும் இணைப்பதாக இது முதலில் வரையப்பட்டது. அவ்வடிவத்தில் இணைப்பின் மொத்த நீளம் ஏறத்தாழ 285 கிலோமீட்டர் ஆகும். இதில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் கடலுக்கு அடியில் செல்லும் வடம் ஆகும். இணைப்பின் கடத்துதிறன் 1,000 மெகாவாட் எனக் கணிக்கப்பட்டது. 1970களிலிருந்து பேசப்பட்டு வரும் இத்திட்டம் இன்னும் கட்டப்படவில்லை. இதனை நடைமுறைப்படுத்துவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2025 ஏப்ரல் 5 அன்று கொழும்பில் கையெழுத்தானது.

ஒரு நாடு தன் ஆற்றல் தேவையை அண்டை நாட்டின் துணையுடன் எவ்வாறு பாதுகாத்துக் கொள்ளலாம் என்பதற்கும், அத்துணைக்கு உள்ள எல்லைகள் எவை என்பதற்கும் இத்திட்டம் ஒரு நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

ஆற்றல் பாதுகாப்பு

தேவையான ஆற்றல், தேவைப்படும் நேரத்தில், தாங்கக்கூடிய விலையில், தடையின்றிக் கிடைக்கும் நிலையே ஆற்றல் பாதுகாப்பு எனப்படுகிறது. ஆற்றல் ஒரு நாட்டில் போதிய அளவு இருப்பது மட்டும் இதற்குப் போதாது. அது உரிய இடத்துக்கு உரிய நேரத்தில் வந்து சேர வேண்டும்.

சிவகங்கை மாவட்டத்தில் காரைக்குடிக்கு அருகில் உள்ள புதுவயலைக் கொண்டு இதனை விளக்கலாம். செட்டிநாட்டுப் பகுதியில் அரிசி ஆலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர் இது. புழுங்கல் அரிசி ஆக்கும் ஆலையில் நெல் முதலில் தொட்டியில் ஊறவைக்கப்படுகிறது. பின்னர் அது நீராவியில் அவிக்கப்பட்டு, உலர்த்தப்பட்டு, உமி நீக்கப்பட்டுத் தீட்டப்படுகிறது. நீராவிக்கு வேண்டிய வெப்பத்தை ஆலையில் சேரும் உமியை எரித்தே பெற முடியும். ஆனால் தண்ணீர் இறைக்கும் மோட்டார், நெல்லை மேலேற்றும் எந்திரம், உலர்த்தியின் காற்றாடி, அரவை எந்திரம் ஆகியவை மின்சாரத்தால் இயங்குபவை. ஊறிய நெல்லை உரிய நேரத்தில் அவிக்காவிட்டால் அது புளித்து நாற்றமெடுக்கும். அவித்த நெல் உரிய நேரத்தில் உலராவிட்டால் அரிசியின் நிறமும் தரமும் கெடும். ஆகவே, எரிபொருள் ஆலைக்குள்ளேயே இருந்தாலும், தொலைவிலிருந்து வரும் மின்சாரம் நின்றால் வேலையும் நின்றுவிடும். மின்னாக்கி வைத்துக்கொள்வது இதற்கு ஒரு வழி ஆகும். ஆயினும் டீசலில் ஆக்கப்படும் மின்சாரம் செலவு மிக்கது.

நாடுகளுக்கும் இது பொருந்தும். தன் நிலத்தில் கிடைக்கும் வளம், வெளியிலிருந்து வாங்கும் எரிபொருள், நெருக்கடிக்கென வைத்திருக்கும் மாற்று ஏற்பாடு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு நாடும் ஏதேனும் ஓர் அளவில் கலந்தே பயன்படுத்துகிறது. அண்டை நாட்டுடனான மின்னிணைப்பு இம்மூன்றுடன் சேரும் நான்காவது வழி ஆகும்.

தனித்த மின்தொகுப்பின் இடர்கள்

மின்சாரத்தைப் பேரளவில் சேமித்து வைப்பது கடினம். ஆகையால் ஒவ்வொரு நொடியும் ஆக்கப்படும் அளவும் பயன்படுத்தப்படும் அளவும் சமமாக இருக்க வேண்டும். இச்சமநிலையைக் காட்டும் அளவுகோல் மின்தொகுப்பின் அலைவெண் ஆகும். இந்தியாவிலும் இலங்கையிலும் இது 50 ஹெர்ட்ஸ் ஆகும். ஒரு பெரிய மின்னாக்கி திடீரென நின்றால் அலைவெண் குறையத் தொடங்கும். பிற மின்னாக்கிகள் உடனே ஈடுசெய்யாவிட்டால் அவையும் தம்மைக் காத்துக்கொள்ள ஒன்றன்பின் ஒன்றாக விலகும். முடிவில் மின்தொகுப்பு முழுவதும் இருளில் மூழ்கும்.

இந்த இடர் சிறிய மின்தொகுப்பில் மிகுதி. புத்தளம் மாவட்டத்தின் நுரைச்சோலையில் உள்ள இலக்விஜய அனல்மின் நிலையத்தில் தலா 300 மெகாவாட் திறனுள்ள மூன்று அலகுகள் உள்ளன. இலங்கையின் உச்ச மின்தேவை ஏறத்தாழ 2,500 முதல் 3,000 மெகாவாட் ஆகும். எனவே ஓர் அலகு நின்றாலே உச்சத் தேவையில் பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இந்தியாவின் உச்ச மின்தேவை 2024 மே மாதத்தில் 2,50,000 மெகாவாட்டை எட்டியது. அவ்வளவு பெரிய மின்தொகுப்பில் 300 மெகாவாட் இழப்பைப் பெரும்பாலான நுகர்வோர் உணரவே மாட்டார்கள்.

2025 பெப்ரவரி 9 அன்று இலங்கை முழுவதும் மின்தடை ஏற்பட்டது. பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு ஒன்று மின்கருவியில் பட்டதே இதற்குத் தொடக்கம் என அறிவிக்கப்பட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. பகல் நேரமாதலால் சூரிய மின்சாரத்தின் பங்கு மிகுந்தும், மின்தேவை குறைந்தும் இருந்தது. அலைவெண்ணை நிலைநிறுத்தும் கனமான சுழலிகள் குறைவாகவே இயங்கின. இந்நிலையில் ஒரு துணைமின் நிலையத்தின் கோளாறு தீவு முழுவதற்கும் பரவியது. நுரைச்சோலை அலகுகளும் நின்றுபோனமையால் அடுத்த சில நாட்களுக்குச் சுழற்சி முறையில் மின்வெட்டு நடைமுறைப்படுத்தப்பட்டது.

மின்சாரம் தேவைக்கு மேல் இருப்பதும் தனித்த மின்தொகுப்புக்குச் சிக்கலே ஆகும். 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறைக் காலத்தில் தேவை குறையும் என எதிர்பார்க்கப்பட்டதால், கூரைகளில் சூரியத் தகடு பொருத்தியிருந்தோர் பகல் வேளையில் அவற்றை நிறுத்தி வைக்குமாறு கேட்டுக்கொள்ளப்பட்டனர். விற்பதற்கு அண்டை மின்தொகுப்பு இருந்திருந்தால் அம்மின்சாரத்துக்குப் பயன் கிடைத்திருக்கும். 2030ஆம் ஆண்டுக்குள் தன் மின்சாரத்தில் 70 விழுக்காட்டைப் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து பெறுவதை இலங்கை இலக்காகக் கொண்டுள்ளது. அவ்விலக்கை நெருங்கும்போது இச்சிக்கல் மேலும் வளரும்.

தமிழ்நாட்டின் பட்டறிவு

தமிழ்நாடு தீவு அன்று. எனினும் மின்தொகுப்பு என்னும் அளவில் தென்மாநிலங்கள் நெடுங்காலம் தீவு போன்றே இருந்தன. இந்தியாவின் பிற மண்டல மின்தொகுப்புகள் 2006ஆம் ஆண்டுக்குள் ஒரே அலைவெண்ணில் இணைக்கப்பட்டன. தென்மண்டலம் மட்டும் தனித்து நின்றது. ஒடிசாவின் தால்ச்சேரிலிருந்து கருநாடகத்தின் கோலாருக்கு வரும் நேர்மின்னோட்டத் தடம் போன்ற சில இணைப்புகள் வழியாக மட்டுமே வெளியிலிருந்து மின்சாரம் வர முடிந்தது.

2008 முதல் 2013 வரை தமிழ்நாடு கடும் மின்பற்றாக்குறையைச் சந்தித்தது. 2012ஆம் ஆண்டில் சென்னையில் நாளுக்கு இரண்டு மணி நேரமாக இருந்த மின்வெட்டு, பிற மாவட்டங்களில் பல மடங்கு நீண்டது. மின்னாக்கத் திட்டங்கள் காலந்தாழ்ந்தது இதற்கு முதன்மைக் காரணம் ஆகும். ஆயினும் வட இந்தியாவில் விற்பனைக்கு மின்சாரம் இருந்த வேளைகளிலும் அதனைக் கொண்டுவரத் தடத்தில் இடம் இல்லாமை பற்றாக்குறையை மேலும் கூட்டியது. புதுவயல் போன்ற ஊர்களின் ஆலைகளுக்கு எட்டாமற் போனது மின்சாரம் மட்டும் அன்று, அதனைச் சுமந்து வரும் பாதையும் ஆகும். 2013 டிசம்பர் 31 அன்று கருநாடகத்தின் ராய்ச்சூரையும் மகாராட்டிரத்தின் சோலாப்பூரையும் இணைக்கும் 765 கிலோவோல்ட் தடம் இயங்கத் தொடங்கியது. அதன் மூலம் தென்மண்டலம் தேசிய மின்தொகுப்புடன் ஒன்றானது.

இதே காலத்தில் இதற்கு எதிர்மாறான பாடம் ஒன்றும் கிடைத்தது. 2012 சூலை 30, 31 ஆகிய நாட்களில் வட இந்திய மின்தொகுப்புகள் செயலிழந்தன. இரண்டாம் நாளில் 60 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் பகுதிகளில் மின்சாரம் இல்லை. தென்மண்டலமோ நேர்மின்னோட்டத்தால் மட்டும் இணைக்கப்பட்டிருந்தமையால் அச்சரிவிலிருந்து தப்பியது. இணைப்பு இருந்தால் உதவி வரும். இணைப்பு வழியாகக் கோளாறும் வரலாம். எவ்வகை இணைப்பு என்பதைப் பொறுத்தே இரண்டில் எது நடக்கும் என்பது அமையும்.

தொழில்நுட்பம்

இந்திய-இலங்கை இணைப்புக்கு உயரழுத்த நேர்மின்னோட்ட முறை தெரிவு செய்யப்பட்டுள்ளது. இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன.

முதலாவது காரணம் கடல் ஆகும். கடலடி வடத்தில் மின்கடத்திக்கும் வெளியுறைக்கும் இடையே காப்புப் பொருள் உள்ளது. இவ்வமைப்பு ஒரு நீண்ட மின்தேக்கியைப் போல நடந்துகொள்கிறது. மாறுமின்னோட்டம் நொடிக்கு ஐம்பது முறை அலைவுறுவதால் இம்மின்தேக்கியை நிரப்பவும் வெறுமையாக்கவும் இடையறாது மின்னோட்டம் செலவாகிறது. வடம் நீள நீள இவ்வீண் மின்னோட்டம் கூடி, பயனுள்ள மின்சாரத்துக்கு இடமில்லாமற் போகிறது. நேர்மின்னோட்டத்தில் இந்த இழப்பு இல்லை. 1954ஆம் ஆண்டிலேயே சுவீடன் தன் பெருநிலத்தையும் காட்லாந்துத் தீவையும் இம்முறையில் கடலடி வடத்தால் இணைத்தது.

இரண்டாவது காரணம் பாதுகாப்பு ஆகும். ஒரு முனையில் உள்ள மாற்று நிலையம் மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றுகிறது. மறுமுனை நிலையம் அதனை மீண்டும் மாறுமின்னோட்டமாக்குகிறது. இதனால் இரு மின்தொகுப்புகளும் தத்தம் அலைவெண்ணில் தனித்து இயங்கலாம். எவ்வளவு மின்சாரம், எத்திசையில் செல்ல வேண்டும் என்பதை இயக்குநர்களே முடிவு செய்யலாம். ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கம் அதனுடன் சேர்ந்து சரிய வேண்டியதில்லை. மாற்று நிலையங்களுக்கு ஆகும் பெருஞ்செலவே இம்முறையின் முதன்மைக் குறை ஆகும்.

திட்டத்தின் வரலாறு

2002ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பன்னாட்டு வளர்ச்சி முகமையின் உதவியுடன் தொடக்கநிலை ஆய்வு ஒன்று நடத்தப்பட்டது. அது 2006இல் மீளாய்வு செய்யப்பட்டது. 2010 சூன் மாதத்தில் சாத்திய ஆய்வுக்கான உடன்படிக்கை கையெழுத்தானது. இந்தியாவின் பவர் கிரிட் நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் இப்பணியில் ஈடுபட்டன. பின்னர் 500 மெகாவாட் கொண்ட இரண்டு கட்டங்களாக இணைப்பை அமைப்பது பற்றியும், மன்னார் வழியாகத் தடம் அமைப்பது பற்றியும் ஆராயப்பட்டது.

2023 சூலையில் இலங்கை அதிபர் ரணில் விக்கிரமசிங்க புதுதில்லி சென்றபோது வெளியிடப்பட்ட கூட்டு ஆவணத்தில் இம்மின்னிணைப்பு இடம்பெற்றது. 2024 டிசம்பரில் அதிபர் அநுர குமார திசாநாயக்க மேற்கொண்ட பயணத்தின்போதும் இது வலியுறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்தியப் பிரதமர் நரேந்திர மோடியின் கொழும்புப் பயணத்தின்போது மேற்கூறிய புரிந்துணர்வு உடன்படிக்கை செய்துகொள்ளப்பட்டது. திருகோணமலை மாவட்டத்தின் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்துக்கும் அப்போது அடிக்கல் நாட்டப்பட்டது. அதே சம்பூரில் இந்திய ஒத்துழைப்புடன் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைக்க 2006ஆம் ஆண்டிலிருந்து முயற்சி நடந்தது. அத்திட்டம் 2016இல் கைவிடப்பட்டது.

எதிர்பார்க்கப்படும் பயன்கள்

இலங்கையின் மகாவலி, களனி ஆற்றுப் படுகைகளில் அமைந்த நீர்மின் நிலையங்கள் பருவமழையை நம்பியுள்ளன. மழை பொய்க்கும் ஆண்டுகளில் விலை மிகுந்த எண்ணெயை எரித்தே மின்சாரம் ஆக்க வேண்டியுள்ளது. அத்தகைய காலங்களில் இந்தியாவிலிருந்து மின்சாரம் வாங்க இயலும். மறுபுறம், மன்னார்த் தீவும் வடமாகாணத்தின் கரையோரமும் காற்று வளம் மிக்கவை. 103.5 மெகாவாட் திறனுள்ள தம்பபவனி காற்றாலைப் பண்ணை 2020 டிசம்பரில் மன்னாரில் திறக்கப்பட்டது. மிகுதியாகும் காற்று மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்க இணைப்பு வழிசெய்யும்.

இங்கு கருதவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டியுள்ளது. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் மன்னாரிலும் தென்மேற்குப் பருவக்காற்று ஏறத்தாழ ஒரே காலத்தில் வீசுகிறது. ஆகவே மன்னாரில் மின்சாரம் மிகும்போது தமிழ்நாட்டிலும் அது மிகுந்திருக்கும். அம்மின்சாரத்தை ஏற்பதற்குத் தமிழ்நாடு மட்டும் போதாது. 2013க்குப் பின் ஒன்றாகிய இந்திய மின்தொகுப்பு வழியாக அது வடக்கே செல்ல வேண்டும். கடலடி வடத்தின் பயன் தரைவழித் தடங்களின் வலிமையைச் சார்ந்துள்ளது என்பது இதனால் விளங்கும்.

பிற அண்டை நாடுகளின் எடுத்துக்காட்டுகள்

இந்தியா தன் வடக்கிலும் கிழக்கிலும் உள்ள அண்டை நாடுகளுடன் ஏற்கெனவே மின்சாரத்தைப் பகிர்ந்து வருகிறது.

பூட்டான்: இந்திய நிதியுதவியுடன் 336 மெகாவாட் சூக்கா நீர்மின் நிலையம் 1980களில் கட்டப்பட்டது. 1,020 மெகாவாட் தாலா நிலையமும் 720 மெகாவாட் மாங்தேச்சு நிலையமும் பின்னர் வந்தன. கோடையில் ஆறுகள் பெருகும்போது பூட்டான் மின்சாரத்தை விற்கிறது. குளிர்காலத்தில் நீர்வரத்து குறையும்போது இந்தியாவிடமிருந்து வாங்குகிறது.

நேபாளம்: முன்னர் குளிர்காலத்தில் நாளுக்குப் பதினாறு மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. பீகாரின் முசாபர்பூரையும் நேபாளத்தின் தால்கேபரையும் இணைக்கும் தடம் 2016இல் இயங்கத் தொடங்கியமை அந்நிலை மாறத் துணைபுரிந்தது. 2021 நவம்பர் முதல் நேபாளம் இந்திய மின்சந்தையில் விற்பனை செய்கிறது. 2024 நவம்பரில் இந்தியத் தடங்கள் வழியாக வங்காளதேசத்துக்கும் முதன்முறையாக மின்சாரம் அனுப்பியது.

வங்காளதேசம்: மேற்கு வங்காளத்தின் பகரம்பூரையும் பெராமாராவையும் இணைக்கும் 500 மெகாவாட் இணைப்பு 2013 அக்டோபரில் தொடங்கியது. 2018இல் இது 1,000 மெகாவாட்டாக உயர்த்தப்பட்டது.

சார்க் அமைப்பின் எட்டு நாடுகளும் மின்சார ஒத்துழைப்புக்கான சட்டக உடன்படிக்கையில் 2014 நவம்பரில் காத்மாண்டில் ஒப்பமிட்டன. ஆயினும் நடைமுறையில் பெரும்பாலான பணிகள் இருநாட்டு உடன்படிக்கைகள் வழியாகவே நிகழ்ந்துள்ளன.

எரிபொருள் ஒத்துழைப்பும் 2022 நெருக்கடியும்

2022ஆம் ஆண்டில் இலங்கையின் அந்நியச் செலாவணி இருப்பு ஏறத்தாழ வற்றியது. கப்பலில் வந்த எரிபொருளுக்குப் பணம் செலுத்த முடியவில்லை. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. எரிபொருள் நிலையங்களில் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். அவ்வாண்டு பெப்ரவரியில் எரிபொருள் வாங்க இந்தியா 50 கோடி அமெரிக்க டாலர் கடன் வசதி அளித்திருந்தது. பின்னர் மேலும் 20 கோடி டாலர் சேர்க்கப்பட்டது.

மின்வடம் அன்று இருந்திருந்தால் நெருக்கடி நேர்ந்திராது எனக் கூற இயலாது. வாங்கும் மின்சாரத்துக்கும் பணம் தர வேண்டும். அன்று இல்லாமற் போனது பணமே. எனினும் ஏற்றுமதி செய்யத்தக்க மின்சாரம் அந்நியச் செலாவணியை ஈட்டித் தரும் என்பதும், எரிபொருள் இறக்குமதி குறைந்தால் இத்தகைய நெருக்கடியின் கடுமை தணியும் என்பதும் திட்டத்தை ஆதரிப்போரின் கருத்து ஆகும்.

எரிபொருளைச் சேமித்து வைப்பதிலும் இரு நாடுகளும் இணைந்துள்ளன. பிரித்தானியர் ஆட்சிக்காலத்தில் திருகோணமலையில் அமைக்கப்பட்ட எண்ணெய்த் தாங்கிகளில் 99 எஞ்சியுள்ளன. 2022 சனவரி உடன்படிக்கையின்படி 14 தாங்கிகள் லங்கா ஐஓசி நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டின் கூட்டு நிறுவனத்துக்கும் ஒதுக்கப்பட்டன. கூட்டு நிறுவனத்தில் இலங்கைத் தரப்பு 51 விழுக்காடு பங்கைக் கொண்டுள்ளது.

ஐயங்களும் தடைகளும்

ஒரே அண்டை நாட்டைச் சார்ந்திருப்பது இத்திட்டம் பற்றி எழுப்பப்படும் முதன்மை ஐயம் ஆகும். 2015 செப்டம்பரில் நேபாள எல்லையில் சரக்குப் போக்குவரத்து தடைப்பட்டபோது அங்கு எரிபொருள் தட்டுப்பாடு ஏற்பட்டது. இந்தியா மறைமுகத் தடை விதித்தது என நேபாளம் குற்றஞ்சாட்டியது. எல்லைப்புறப் போராட்டங்களே காரணம் என்று இந்தியா மறுத்தது. 2024இன் பிற்பகுதியில், சார்க்கண்டின் கோட்டாவிலிருந்து வங்காளதேசத்துக்கு மின்சாரம் வழங்கும் தனியார் அனல்மின் நிலையம், நிலுவைத் தொகை காரணமாக வழங்கலைக் குறைத்தது. விலை, நிலுவை, இடைநிறுத்தம் ஆகியவை பற்றிய விதிகள் வடத்தைப் போலவே உறுதியாக இருக்க வேண்டும் என்பதை இந்நிகழ்வுகள் காட்டுகின்றன.

செலவைப் பகிர்வது மற்றொரு தடை ஆகும். ஆண்டில் சில மாதங்களே மின்சாரம் பாயுமாயின், முதலீட்டை மீட்க நெடுங்காலம் ஆகும்.

சூழலும் வாழ்வாதாரமும் கருதத்தக்கவை. மன்னார் வளைகுடாவில் கடல்சார் தேசியப் பூங்கா உள்ளது. பாக்கு விரிகுடாவின் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரைகளை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பகுதியைக் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. பாக்கு நீரிணைப் பகுதி ஆழங்குறைந்தது. இரு கரை மீனவர்களும் நெருக்கமாகத் தொழில் செய்யும் இடம். அடிமடி இழுவை வலைகளாலும் நங்கூரங்களாலும் வடம் சேதமுறாதபடி அதனைக் கடலடி மண்ணுக்குள் புதைக்க வேண்டும். அதனால் மீன்பிடிக்குத் தடை வருமா என்பதைக் கரையோர மக்களுடன் பேசித் தீர்மானிப்பதும் திட்டத்தின் ஒரு பகுதி ஆகும்.

மதிப்பீடு

அண்டை நாட்டு இணைப்பு சொந்த மின்னாக்கத்துக்கு மாற்று ஆகாது. அது ஒருவகைக் காப்பீடு எனலாம். ஒரு பக்கம் குறையும்போது மறுபக்கம் ஈடுசெய்யவும், ஒரு பக்கம் மிகும்போது மறுபக்கம் ஏற்கவும் அது உதவும். ஒரு தரப்பு எப்போதும் கொடுப்பதாகவும் மறுதரப்பு எப்போதும் வாங்குவதாகவும் அமையும் இணைப்பு சார்புநிலையை உண்டாக்கும். பூட்டான் போல இருதிசையிலும் பாயும் இணைப்பே இரு தரப்புக்கும் அதனைக் காப்பதில் அக்கறையை ஏற்படுத்தும். மன்னாரின் காற்று ஏற்றுமதி செய்யும் அளவுக்கு வளருமா என்பதைப் பொறுத்தே இந்திய-இலங்கை இணைப்பு இவ்விரண்டில் எவ்வகையாகும் என்பது தெளிவாகும்.